நாற்பது அடிக் கயிறு

மௌனசாமி மடத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் இப்போதிருக்கும் சாமியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பார். வேதகிரி சாமிக்கு வாயும் அதிகம், கோபமும் அதிகம். தாராபுரம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவரிடம் திட்டு வாங்குவதற்கென்றே வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு சென்னியப்பன் வந்தார். பள்ளித் தலைமையாசிரியர், ஐம்பத்தொரு வயது, இருபது வருடமாகச் சாமியின் சீடர். காரை வேப்பமரத்து நிழலில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் இறங்கினார். பின் சீட்டில் அவர் மகள் மிருதுளா இருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். இறங்க மாட்டேன் என்று சொல்லக்கூட இல்லை. இறங்கவில்லை, அவ்வளவுதான்.

"சாமி, நீங்கதான் அவளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லோணும்."

"எதுக்கு?"

"இருபத்திநாலு நாளா ஸ்கூலுக்குப் போகலைங்க. சோறு திங்கறதில்லை. கதவைச் சாத்தினா சாத்தினதுதான். நேத்து அவங்கம்மாகிட்ட, எனக்கு இருக்கவே பிடிக்கலைன்னு சொல்லியிருக்கா."

சாமி நிமிர்ந்தார். "டாக்டர்கிட்டக் காட்டினியா?"

சென்னியப்பன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். "காட்டினேனுங்க. கோயம்புத்தூர்ல மனசுக்குப் பார்க்கற டாக்டர் ஒருத்தருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாரு. ஒரு வாரமா பையிலயே இருக்குது. தலைமையாசிரியர் புள்ளைக்குப் பைத்தியம்னு ஊரே பேசுமுங்க. எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சுங்களா? அஞ்சு மைல் நடந்து போய்ப் படிச்சோம். எங்கப்பன் சாட்டையில அடிப்பாரு. துடைச்சுட்டு எந்திரிச்சுப் போனோம்."

சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த மாசத்துல இதைச் சொல்ற ஒன்பதாவது ஆளு நீ. எல்லாரும் அஞ்சு மைல்தான் நடந்திருக்கீங்க. ஒருத்தனாவது நாலரை மைல் நடக்கலையா?"

"நிசமாத்தானுங்க சாமி."

"சரி. உன்கூடப் படிச்சவங்க எல்லாரும் துடைச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டாங்களா?"

"ராமலிங்கம்னு ஒருத்தன் பத்தாவதுல நின்னுட்டானுங்க. யார்கூடவும் பேசாம உட்கார்ந்திருப்பான். காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு வேப்பிலை அடிச்சாங்க."

"இப்ப எங்கே இருக்கான்?"

"இல்லைங்க. அந்த வருஷமே போயிட்டான்."

"பிறகென்ன, உங்க காலத்துல இருந்துச்சா இல்லையா?"

"ஊருக்கு ஒருத்தன் இருந்தானுங்க. இப்ப என் ஸ்கூல்ல வகுப்புக்கு நாலு பேருங்க சாமி. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு நெஞ்சுல உரமே இல்லைங்க."

அப்போது காரின் கண்ணாடி இறங்கியது. "அப்பா, தண்ணி."

பாட்டில் காலியாகியிருந்தது. அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழாய் கிடையாது, மடத்துக்காரர்கள் யாருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். மந்திரியே வந்தாலும் வந்தவர்களேதான் கிணற்றில் இறைத்துக் குடிக்க வேண்டும். சாமி எழுந்து போய்ச் சுவர் ஆணியிலிருந்து ஒரு நீல நைலான் கயிற்றை எடுத்து நீட்டினார்.

"ஞாபகம் இருக்குதா?"

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. சீடராகச் சேர்ந்த வருடம் அவர் மடத்துக்கு வாங்கிக் கொடுத்த கயிறு அது. நாற்பது அடி. கடைக்காரரை நம்பாமல் தானே முழம் போட்டு அளந்து வாங்கியது. "இன்னும் இத்துப் போகலை பார்த்தீங்களா. அந்தக் காலத்துச் சரக்குங்க சாமி."

கிணற்றடிக்குப் போய் உருளையில் கயிற்றைப் போட்டு வாளியை இறக்கினார். கயிறு தீர்ந்துவிட்டது. வாளி தண்ணீரைத் தொட்ட சத்தம் வரவில்லை. வயிற்றைக் கைப்பிடிச் சுவரில் அழுத்திக் குனிந்து கையை எட்டின மட்டும் நீட்டினார். வாளி அந்தரத்தில் ஆடியது. இரண்டு முறை உதறிப் பார்த்தார், வாளி சுவரில்தான் இடித்தது. வியர்வையோடு திரும்பி வந்தார்.

"எட்டலீங்க சாமி."

"கயிறு நல்ல கயிறுதானே?"

"நல்ல கயிறுங்க. நானே அளந்து வாங்கினது."

"அப்ப கிணறுதான் சரியில்லை. போய் அதுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லு."

"சாமி..."

"எங்க காலத்துல முப்பது அடியிலேயே இருந்தியே, இப்ப உனக்கு என்ன கேடுன்னு கேளு. உரமே இல்லைன்னு சொல்லு. நீ போடுற சத்தத்துல மேல வருதான்னு பார்ப்போம்."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "புள்ள தண்ணி கேட்டுட்டு உட்கார்ந்திருக்குது. விளையாடற நேரமுங்களா இது?"

"நானா விளையாடறேன்? தண்ணி ஏன் கீழே போச்சு, அதைச் சொல்லு."

"மழை இல்லைங்க."

"போன வருஷம் ஓடை பெருகி ரோட்டையே அடிச்சுட்டுப் போச்சே, அது என்ன பன்னீரா?"

சென்னியப்பன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "சுத்தியும் ஆழ்குழாய் போட்டுட்டாங்க."

"யாரு?"

"தோட்டக்காரங்க எல்லாருமுங்க."

"எல்லாரும்னா?"

"நானும் ஒண்ணு போட்டேனுங்க."

"எத்தனை அடி?"

"எண்ணூத்தி அம்பது."

"தென்னைக்கு எண்ணூத்தி அம்பது அடி போனவன், நாப்பது அடிக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிணத்தைத் திட்டறே. நல்லா இருக்குதுப்பா உன் நியாயம்."

"கிணறு வேற, புள்ள வேறங்க சாமி. அவளுக்கு என்ன குறை வெச்சேன்? தனி ரூம், ஏசி, போன். நாலு மணிக்கு ஒரு டியூஷன், ஆறு மணிக்கு ஒரு டியூஷன், ஞாயித்துக்கிழமை நீட் கோச்சிங். எங்கப்பன் எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்ததில்லைங்க."

"அவ எத்தனை நாளாத் தூங்கலை?"

"தெரியலீங்க."

"எதுக்குப் பயப்படுறா?"

"கேக்கலீங்க."

"பிறகு என்னதான் கேட்டே?"

"ஏன் ஸ்கூலுக்குப் போகலைன்னு காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் கேக்கறனுங்க. வாயே திறக்க மாட்டேங்கறா."

"வாளி தண்ணியைத் தொட்ட சத்தம் வரலை. அப்படித்தானே?"

சென்னியப்பன் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமிக்குப் பொறுக்கவில்லை.

"நின்னா தண்ணி வந்துருமா? இன்னொரு ஆணியில தேங்காய் நார்க் கயிறு கிடக்குது, எடு. தினமும் நாங்க உன் கயித்தோட அதை முடிஞ்சுதான் இறைக்கறோம்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா நீ கேட்டிருப்பே பாரு."

நார்க் கயிறு சொரசொரப்பாக, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. சென்னியப்பன் இரண்டையும் சேர்த்து முடிந்து, முடிச்சு நழுவாமலிருக்க மறுபடி ஒரு முடிச்சுப் போட்டார். வாளி இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. நீலக் கயிறு முழுவதும் உள்ளே போய், நார்க் கயிறும் பாதிக்கு மேல் போன பிறகு, அடியில் சளக் என்று கேட்டது.

இழுப்பதற்குள் உள்ளங்கை எரிந்தது. ஒரு வாளித் தண்ணீருக்கு இவ்வளவு நேரம் ஆகுமென்று அவர் நினைக்கவில்லை. சொம்பில் ஊற்றிக் காருக்குக் கொண்டுபோனார்.

மிருதுளா குடித்தாள். பாதியில் நிறுத்தி அவர் கையைப் பார்த்தாள்.

"கையெல்லாம் சிவந்து கிடக்குதேப்பா."

தண்ணீர் கேட்டதைத் தவிர, இருபத்திநாலு நாளில் அவள் தானாக அவரிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. சென்னியப்பனுக்கு அழுகை வந்தது. மறைக்க அவசரப்பட்டுச் சொம்பைக் கீழே போட்டார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு, பின் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாமி எட்டிப் பார்க்கவில்லை. தன்பாட்டுக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். சென்னியப்பன் கண் சிவக்கத் திரும்பி வந்தார்.

"பேசினாளுங்க சாமி. பூரா சொல்லலை. கொஞ்சம் சொன்னா. கேட்கவே முடியலீங்க. இனிமே தினமும் அவகூட உட்கார்ந்துக்கறேன். நானே பார்த்துக்கறேனுங்க." பையிலிருந்த சீட்டை எடுத்தார். அது வியர்வையில் நனைந்து மடிந்திருந்தது. "இந்த டாக்டர்கிட்டயும் போகோணுமுங்களா?"

சாமி கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உன் கயிறு மட்டும் எட்டுச்சா?"