கிடைக்காத வசவு

அன்னப்பிள்ளை அம்மையார் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கடல் கடந்து வந்து, பவானி ஆற்றங்கரையில் ஓட்டு வீடு ஒன்றில் தங்கினார். அவரைத் தேடிப் பெண்கள் வந்தார்கள். சிலர் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார்கள். சிலர் போகவே இல்லை.

போகாதவர்களில் மூத்தவள் பழனாத்தாள். கோபிப் பக்கத்துக்காரி. சின்ன வயதிலேயே தாலியை இழந்து வந்தவளுக்கு இப்போது காதோரம் நரைத்திருந்தது. சமையலறைச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். அம்மையாருக்குக் கஞ்சி எந்தச் சூட்டில் வேண்டும் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தாள்.

அம்மையார் அவளை "அம்மிணி" என்று கூப்பிடுவார். "வாங்க அம்மிணி, உட்காருங்க" என்பார். ஒரு நாளும் குரல் உயர்ந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் ரத்னம்மா வந்தாள். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரி. தமிழ் அரைகுறையாக வரும். கையில் ஒரு துணி மூட்டை, கன்னத்தில் ஆறிப்போன ஒரு சூட்டுத் தழும்பு. அதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கிணற்றடியிலிருந்து அம்மையாரின் குரல் கேட்டது.

"எடி பெட்டை, இஞ்ச வா. உந்த வாளியைப் பிடி."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த பழனாத்தாளின் கை நின்றது.

அவள் ஊரில் 'பெட்டை' என்பது நாய்க்கும் கழுதைக்கும் சொல்கிற சொல். வரப்புத் தகராறில் வாய் முற்றிப்போனவர்கள்தான் அதை ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். சொன்ன வீட்டோடு பிறகு பேச்சு இருக்காது.

ரத்னம்மா சிரித்துக்கொண்டே ஓடிப்போய் வாளியைப் பிடித்தாள்.

'பாவம், பாஷை தெரியாதவள்' என்று பழனாத்தாள் நினைத்தாள். நினைக்கும்போதே நெஞ்சுக்குள் இதமாக இருந்தது. ரத்னம்மா வந்த அன்றே அம்மையார் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டதைப் பழனாத்தாள் மறக்கவில்லை. இப்போது அவளுடைய இடம் எது என்று தெரிந்துவிட்டது.

ஆனால் நிலவரம் அப்படி இல்லை. அன்று பகலில் அம்மையார் ரத்னம்மாவை முன்னால் இருத்தி, அவள் சிக்குத் தலையை எண்ணெய் தொட்டு வாரிவிட்டார்.

"தலையை ஆட்டாதை, பெட்டை" என்று மண்டையில் சீப்பால் ஒரு தட்டு.

பழனாத்தாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தன் தலையை அம்மையார் ஒரு நாளும் வாரிவிட்டதில்லை. திட்டும் அவளுக்கு, சீப்பும் அவளுக்கா?

தை பிறந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் பழனிக்குப் போகிற வழியில் வந்து தங்கியது. அவர்களின் சின்ன மகள் முற்றத்தில் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். தாய் ஓடிவந்து அள்ளிக்கொண்டாள்.

"ஐயோ, என்ர பெட்டை! எங்கை, காட்டு பாப்பம்!"

பழனாத்தாள் மஞ்சள் அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஏனுங்க, பெத்த புள்ளையப் போயி அப்படிச் சொல்லலாமுங்களா?"

"எப்பிடி?"

"பெட்டைன்னு."

அந்தத் தாய் விழித்தாள். "பெட்டை எண்டால் பொம்பிளைப் பிள்ளைதானே? எங்கட ஊரிலை அப்பிடித்தான் சொல்லுறது. ஆசையாச் சொல்லுற சொல்லு."

பழனாத்தாள் சமையலறைக்குத் திரும்பினாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தவள் குழம்பு தீய்ந்து புகை வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆசையாகச் சொல்கிற சொல். நேற்று வந்தவளுக்கு அது கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் கஞ்சி காய்ச்சியவளுக்கு 'அம்மிணி'. அவள் ஊரில் எல்லாரும் எல்லாப் பெண்களையும் சொல்வது. சந்தைக்குப் போனால் கத்தரிக்காய் விற்கிறவன்கூட அம்மிணி என்பான். வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க. விருந்துக்கு வந்தவளிடம் பேசுகிற பேச்சு.

அதன் பிறகு அவளுக்குக் காது ஒன்றுதான் வேலை செய்தது. எங்கே பெட்டை என்று கேட்டாலும் செய்கிற வேலையை விட்டு எட்டிப் பார்த்தாள். கேட்காவிட்டாலும் காத்திருந்தாள்.

ஒரு நாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டாள். அம்மையார் ஒரு வாய் குடித்துவிட்டு நீர் கேட்டார்.

"உப்புக் கூடிப்போச்சுங்களா?" என்று ஆவலாகக் கேட்டாள் பழனாத்தாள்.

"பரவாயில்லை அம்மிணி."

இன்னொரு நாள் பித்தளைக் குடத்தைப் படியில் உருட்டிவிட்டாள். வீடே அதிர்ந்தது.

"காலிலை பட்டுதோ அம்மிணி? பாத்து வாங்க."

அதே வாரம் ரத்னம்மா ஒரு டம்ளரைத் தவறவிட்டாள். "கண் எங்கையடி இருக்குது, பெட்டை!" என்று அம்மையார் சத்தம் போட்டார். ரத்னம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பழனாத்தாளுக்கு அந்தச் சிரிப்பைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் இருவரும் ஆற்றில் துணி துவைத்தார்கள்.

"ரத்னம்மா, அம்மா உன்னை என்னன்னு கூப்பிடறாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் அக்கா. பெட்ட. எங்க ஊர்ல பெட்ட அண்டே, பெட்டன்னா, கோழி. நான் கோழி மாதிரி ஓடறேன்ல? அதுக்கு."

"கோழியில்ல. இந்த ஊர்ல அது நாய். பொட்ட நாய்."

ரத்னம்மாவின் கையிலிருந்த புடவை தண்ணீரோடு கொஞ்ச தூரம் போனது. அவள் அதைப் பிடிக்கவில்லை. பழனாத்தாள்தான் இறங்கிப் பிடித்தாள்.

"நாயா?"

"ஊர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாரு."

ரத்னம்மா கன்னத்துத் தழும்பைத் தொட்டாள். "எங்க அத்த, புருஷனோட அம்மா, என்னை 'குக்க'ன்னுதான் கூப்பிடுவா. குக்க அண்டே நாய். வாசலுக்கு வெளியே சோறு வெப்பா. நான் இங்க வந்தது அதுக்குத்தான் அக்கா. அந்தச் சொல்லு வேண்டாம்னுதான் வந்தேன்."

அந்த இடத்தில் பழனாத்தாள் மற்றப் பொருளையும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. புடவையைப் பிழிந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மையார் கூப்பிட்டார். "எடி பெட்டை!"

ரத்னம்மா திரும்பவில்லை.

"பெட்டை, உனக்குத்தான்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மையார் அவள் முதுகைப் பார்த்தார்.

"ரத்னம்மா" என்றார் மெதுவாக.

அவள் உடனே திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

காலையில் ரத்னம்மாவும் இல்லை, அவள் துணி மூட்டையும் இல்லை.

அம்மையார் கஞ்சியைத் தொடவில்லை. பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டார்.

"அந்தச் சொல்லுக்கு அவளுக்கு ஆர் பொருள் சொன்னது?"

பழனாத்தாள் முன்னால் வந்தாள். "நானுங்கம்மா. பொய் சொல்லலீங்க. எங்கூர்ல அதுதானுங்க பொருள்."

"பொய் இல்லை" என்றார் அம்மையார். "என்ர ஊரிலை என்ன பொருள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

பழனாத்தாள் தரையைப் பார்த்தாள்.

"தெரியுமுங்க."

"அவளுக்குச் சொன்ன அண்டைக்குத் தெரியுமோ?"

"தெரியுமுங்க."

மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மையார் யாரையும் பார்க்கவில்லை.

"போய்க் கூட்டிக்கொண்டு வாங்க அம்மிணி."

"நான் கூப்பிட்டா வருவாளுங்களா?"

"தெரியாது. போங்க."

பழனாத்தாள் செருப்புக்கூட இல்லாமல் பாலம் வரை நடந்தாள். பஸ் நிற்கிற புளியமரத்தடியில் ரத்னம்மா மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கே போறே?"

"தெரியல. பஸ் எங்க போகுதோ அங்க."

பழனாத்தாள் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"எங்கூர்லதான் அது நாய். அம்மா ஊர்ல அது பொண்ணு. பெத்த பொண்ணைக் கொஞ்சிக் கூப்பிடற சொல்லு. எனக்கு ரெண்டும் தெரியும். ஒண்ணைத்தான் உங்கிட்டச் சொன்னேன்."

ரத்னம்மா அவளையே பார்த்தாள். தூரத்தில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

"ஏன் அக்கா?"

"உன்னைக் கூப்பிட்டாங்க. என்னைக் கூப்பிடல."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இருவரையும் பார்த்து விசில் ஊதினான். ரத்னம்மா எழுந்தாள். பழனாத்தாளும் எழுந்தாள். கையைப் பிடிக்கத் தைரியம் வரவில்லை.

ரத்னம்மா துணி மூட்டையைத் தூக்கிப் பழனாத்தாளின் தலையில் வைத்தாள். கொஞ்சம் ஓங்கியே வைத்தாள்.

"நீயே சும" என்று சொல்லிவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்தாள். பழனாத்தாள் பின்னாலேயே சுமந்துகொண்டு வந்தாள்.

வாசலில் அம்மையார் நின்றிருந்தார். எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. ரத்னம்மாதான் அவர் முன்னால் போய் நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அம்மா. அக்கா சொன்ன ரெண்டாவது பொருள்ல."

"வா பெட்டை" என்றார் அம்மையார். அவர் குரல் உடைந்தது. ரத்னம்மா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பழனாத்தாள் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ரத்னம்மா உள்ளே போன பிறகும் நின்றாள்.

"இறக்கி வையுங்க அம்மிணி."

"ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்க."

"அவ வந்த மறுநாளே கூப்பிட்டீங்க. நான் இத்தனை வருஷமா இங்க இருக்கறேன். என்னை ஒருக்காக்கூட அந்தச் சொல்லுல கூப்பிடலீங்களே. நான் என்ன குறை வெச்சேனுங்க?"

அம்மையார் அவள் தலையிலிருந்த மூட்டையைத் தானே இறக்கி ஓரமாக வைத்தார்.

"நீங்கள் வந்த முதல் நாள் கூப்பிட்டனான். இந்த வாசலிலைதான் நிண்டனீங்கள். 'உள்ளை வா பெட்டை' எண்டன்."

"எனக்கு நெனவில்லீங்களே."

"நீங்கள் பின்னாலை திரும்பிப் பாத்தனீங்கள். நாய் எங்கை நிக்குது எண்டு தேடினீங்கள்."

பழனாத்தாள் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த நாள் பால் கொண்டுவந்த மனுசியிட்டைக் கேட்டன், உங்கட ஊரிலை பெத்த மகளை என்னெண்டு கூப்பிடுவீங்கள் எண்டு. அவள் சொல்லித் தந்த சொல்லைத்தான் இண்டு வரைக்கும் உங்களைக் கூப்பிடுறன்."