தலைவர் தந்த வசவு

மார்பைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தபோதும் ஒன்றியத் தலைவர் சங்கரபாண்டியனாரின் மிடுக்குக் குறையவில்லை. மைத்துனரும் தொண்டர்களும் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள்.

“நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையைக் குடு. கேள்வி கேக்காதே!”

செவிலி தபித்தாளுக்கோ கேட்காமல் தீராது. சில மருந்துகளோடு அது சேரவே கூடாது.

“வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா, ஐயா?”

“சிங்கத்துக்கு எதுக்கு மாத்திரை?”

தொண்டர்கள் கைதட்டினார்கள். வெளியே போகச் சொல்லியும் ஒருவரும் நகரவில்லை. தபித்தாள் குனிந்து தலைவரின் காதருகே மெல்லச் சொன்னாள்:

“ஆண்மைக்கான மாத்திரையோட இது சேர்ந்தா, ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிரே போயிரும், ஐயா. அதைச் சாப்பிட்டிருந்தா என்னைத் திட்டுங்க. இல்லைன்னா நாக்கைத் தூக்குங்க, வைக்கிறேன்.”

தலைவர் மைத்துனரைப் பார்த்தார். அவள் கையிலிருந்த மாத்திரையையும் பார்த்தார்.

“அறிவுகெட்டவளே! அப்பால கொண்டு போ அதை!” என்று கூரை அதிரக் கத்தினார்.

“நன்றி, ஐயா” என்று மாத்திரையை எடுத்துக்கொண்டு, வேறு மருந்து கேட்க மருத்துவரிடம் போகத் திரும்பினாள்.

“திட்டு வாங்கிக்கிட்டு நன்றி வேறயா?” என்று மைத்துனர் சிரித்தார்.

“நல்ல திட்டு, அண்ணாச்சி. ஐயா இப்படியே ரொம்ப நாள் இருந்து திட்டட்டும்.”