நிழலோடு நடந்த கன்று

ஒரு காட்டின் ஓரத்தில், சித்திரை வெயில் பாறையைப் பொரித்துக்கொண்டிருந்த நாட்களில், மட்டைக்கொம்பன் என்ற கிழட்டு எருமைக்கடா குட்டைக்குள் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தது.

கரையில் ஒரு வாகை மரம். விடிந்ததும் செவலைப் பசு தன் இருபது நாள் கன்றை அழைத்து வந்து, மரத்துக்கு மேற்கே விழுந்த நிழலில் படுக்க வைத்தது.

“சிட்டு, நான் மேய்ந்துவிட்டு வரும்வரை இந்த நிழலைவிட்டு அசையாதே. குட்டைப் பக்கம் போகாதே. சேறு ஒட்டும்.”

எருமைக்குச் சுருக்கென்றது. போன கோடையில் இதே செவலை, “அண்ணே, நீங்கள் கிடந்த தண்ணீரைக் குடிப்பதைவிடத் தாகத்தோடு இருக்கலாம்” என்று மந்தை முன்னால் சொல்லியிருந்தது. அன்று சிரித்தவை பதினேழு மாடுகள். ஒவ்வொன்றின் பெயரும் எருமைக்கு நினைவிருந்தது.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “கன்றுக்குக் கொஞ்சம் தண்ணீராவது காட்டிவிட்டுப் போயேன்” என்றது.

“பால் குடிக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் எதற்கு அண்ணே? எனக்கு வளர்க்கத் தெரியும்” என்று செவலை நடையைக் கட்டியது.

“எனக்கென்ன வந்தது” என்று எருமை கண்ணை மூடிக்கொண்டது.

பொழுது ஏறியது. நிழல் மரத்தடிக்குச் சுருங்கி, உச்சி சாய்ந்ததும் கிழக்குப் பக்கம் போய்விட்டது. கன்று மட்டும் போகவில்லை. நாக்கு தொங்க, விலா துடிக்க, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.

எருமை ஒரு கண்ணைத் திறந்தது. மறுபடி மூடப் பார்த்தது, முடியவில்லை.

“ஏ சிட்டு! நிழலுக்குப் போ!”

“இதுதான் மாமா நிழல். அம்மா காட்டிய இடம்.”

“அது காலையில். இப்போது அங்கே வெயில்!”

“அம்மா அசையக் கூடாதென்று சொன்னாள்.”

“பிள்ளையும் அம்மா மாதிரிதான்” என்று முணுமுணுத்தபடி எருமை சேறு சொட்ட எழுந்து, கன்றுக்கு மேற்கே வந்து நின்றது. அதன் நிழல் கன்றின்மேல் விழுந்தது.

“நிழலைவிட்டு அசையாதே என்றுதானே சொன்னாள்?”

“ஆமாம்.”

“இப்போது நான்தான் உனக்கு நிழல். விட்டுவிடாதே!”

எருமை கிழக்கே ஓர் அடி வைத்தது. கன்று தள்ளாடி எழுந்து நிழலோடு ஓர் அடி வைத்தது. இப்படியே மரத்தடியைத் தாண்டிக் குளிர்ந்த மண்ணுக்கு வந்தன. அங்கிருந்து குட்டைக்கு நாலே எட்டு. கன்று வாய் வைத்துக் குடித்தது. எருமை வாலைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அதன் முதுகில் அடித்தது. மெல்ல மெல்ல மூச்சு சீரானது.

செவலை திரும்பி வந்து, நேராகப் பழைய இடத்துக்கு ஓடியது. கன்றைக் காணோம். மண் சுட்டதில் நாலு காலும் துள்ளின.

“என்ன செவலை, ஆட்டமெல்லாம் பலமாக இருக்கிறதே?” என்றது எருமை. “அங்கேதான் உன் பிள்ளை படுத்திருந்தது.”

செவலை குட்டைக் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. கன்றின் உடம்பெல்லாம் சேறு. ஏதோ சொல்ல வாயெடுத்தது. பிறகு அந்தச் சேற்றை நக்கத் தொடங்கியது.

மறுநாளிலிருந்து செவலை பக்கத்திலேயே மேய்ந்தது. நாழிகைக்கு ஒரு தடவை வந்து கன்றை எழுப்பித் தண்ணீர் காட்டி, இடம் மாற்றிப் படுக்க வைத்தது. அதோடு விட்டதா? மர நிழலில் வந்து படுத்திருந்த எருமையையும் எழுப்பியது.

“அண்ணே, நிழல் நகர்ந்துவிட்டது. உங்களுக்குத் தெரியவில்லையா? கொஞ்சம் தள்ளிப் படுங்கள், பிள்ளைக்கு இடம் வேண்டும்!”

எருமை முனகிக்கொண்டே தள்ளிப் படுத்தது.

நீதி: காலையில் ஒருமுறை பார்த்து வைப்பது காவல் ஆகாது, பொழுது மாறும்போதெல்லாம் வந்து பார்ப்பதே காவல்.