உட்கார்ந்தபடியே ஆப்சென்ட்

“மேடம், கிளாஸ்ல உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு எப்படி ஆப்சென்ட் விழும்?” என்று கேட்டாள் ஆதிரை.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, இன்ஜினியரிங் காலேஜில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தவள். ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் பஸ் பிடித்து, பழைய பாலிடெக்னிக்குக்கு ரஹீமா மேடத்தைத் தேடி வந்துவிட்டாள்.

மேடத்துக்கு ஆறுதல் சொல்ல வராது. கேள்விதான் வரும்.

“பேரைக் கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ப்ரெசென்ட் சார்னு சொன்னேன். எனக்கே கேக்கலை.”

“ஏன்ட்டி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?”

ஆதிரைக்குச் சிரிப்பு வரவில்லை.

“அவங்கல்லாம் முதல் வருஷத்துல இருந்து ஒண்ணாப் படிக்காங்க மேடம். டிப்ளமோ முடிச்சு வந்த எங்க பேரு எல்லாருக்கும் கடைசியில வரும். கூப்பிட்டதும் அத்தனை தலையும் திரும்பும். டிப்ளமோவான்னு ஒரு பார்வை. குரல் உள்ள போயிருது.”

“சரி.”

“என்ன சரி? இப்படியே போனா அட்டெண்டன்ஸ் பத்தாம பரீட்சை எழுத விடமாட்டாங்க. நின்னுரலாமான்னு இருக்கு. முதல்லயே அங்க சேர்ந்திருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?”

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மணி அடித்தது. மேடம் எழுந்தார்.

“வா. கிளாஸ் முடிச்சிட்டுப் பேசலாம். பின்னால உட்காரு.”

இது என்னடா கூத்து என்று ஆதிரை போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் புதுப் பிள்ளைகள்.

மேடம் ரெஜிஸ்டரைத் திறந்தார். அவர் வகுப்பில் ப்ரெசென்ட் எல்லாம் எடுபடாது. தமிழில்தான் சொல்ல வேண்டும்.

“உள்ளேன் மேடம்.”

“உள்ளேன் மேடம்.”

ஒருத்தன் கொட்டாவியோடு சொன்னான். ஒருத்தியை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. ஆதிரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாப் பேரும் முடிந்தது. மேடம் நிமிரவில்லை.

“ஆதிரை.”

“உள்ளேன் மேடம்!”

வராந்தாவில் போன பியூன்கூட நின்று எட்டிப் பார்த்தார். வகுப்பில் அத்தனை தலையும் திரும்பியது. ஆதிரை எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

மேடம் ரெஜிஸ்டரை மூடினார்.

“இதுல உன் பேரே கிடையாதேட்டி,” என்றார். “இருக்கிற இடத்துல போய்ச் சொல்லு.”