மணற்பாறைக்குள் கறுத்துப்போன யுரேனியம்

பாறைக்குள் சிக்கிக்கொண்ட ஒருத்தியைப் பாறையை உடைக்காமல் வெளியே கூட்டிவர முடியுமா, சொல்லுங்கள் பார்ப்போம்?

அந்தக் காலத்தில், கல்லும் தண்ணீரும் வாய் திறந்து பேசியபோது, யுரேனியம் மஞ்சள் சேலைக்காரியாக இருந்தாள். மடி நிறையப் பிராணவாயு வைத்திருந்ததால் உடம்பு லேசு. கடலைப் பார்த்தே தீருவது என்று தண்ணீரோடு கரைந்து கிளம்பினாள். வழியில் ஒரு மணற்பாறைக்குள் இருவரும் கசிந்து இறங்கினார்கள். அதற்குள் புதைந்து மட்கிக் கிடந்த மரம் முனகியது.

"தாயி, மூச்சு முட்டுது. உன் மடியில இருக்கிறதுல கொஞ்சம் தாயேன்."

"கொஞ்சம் என்னண்ணே, எடுத்துக்கோ!" என்று மடியை அவிழ்த்துவிட்டாள்.

அவ்வளவுதான். மஞ்சள் போய்க் கரிக்கட்டையாய்க் கறுத்தாள். கரைய முடியாமல் மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டாள்.

கூட வந்த தண்ணீரக்கா அவளைப் பிடித்து இழுத்தாள். "என்னடி, அம்மிக்கல்லு மாதிரி உட்கார்ந்துட்ட?"

"வரத்தான் பார்க்கிறேன்க்கா, காலு நகரல. கடலைப் பார்க்காமலே போயிடுவேனா?"

"நான் இருக்கிறப்ப அப்படி விட்டுடுவேனா?"

முதலில் புளிப்பு அமிலத்தை அழைத்து வந்தாள். பாறையில் இருந்த சுண்ணாம்பு அதை நுரைக்க நுரைக்கக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. அடுத்து, துணி வெளுக்கும் சோடா உப்பின் மூன்று மகள்கள் வந்தார்கள். "இவ கறுப்பா இருக்கிறவரைக்கும் எங்க பிடிக்குச் சிக்கமாட்டா" என்று மூக்கைச் சுளித்தார்கள்.

மடி காலியானதால்தான் இவள் கறுத்தாள் என்று தண்ணீருக்கு அப்போதுதான் பிடிபட்டது. மேலே ஓடிப் போய், காற்றிலிருந்து பிராணவாயுவை வயிறு முட்ட விழுங்கிக்கொண்டு இறங்கினாள். மரம் மறுபடியும் கை நீட்டியது.

"உனக்கும் சேர்த்துத்தான் கொண்டாந்திருக்கேன், பறக்காதேண்ணே!"

மரத்துக்குக் கொடுத்தது போக மிச்சம் யுரேனியத்தின் மடிக்கு வந்தது. கறுப்பு கலைந்து மஞ்சள் பொங்கியது. மூன்று பெண்களும் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு கல்கூட உடையவில்லை. கும்மாளம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள், நேரே கடலுக்கே போய்ச் சேர்ந்தார்கள்!

அன்று முதல்தான், மணற்பாறையில் யுரேனியம் எடுப்பவர்கள் பிராணவாயுவையும் சோடாவையும் தண்ணீரில் கலந்து உள்ளே அனுப்புகிறார்கள். ஏனென்றால் அலையில் கால் நனைத்தவுடன் அவள் தண்ணீரிடம் கேட்டது இதைத்தான்: "அக்கா, என் தங்கச்சிங்க இன்னும் உள்ளே கறுத்துக் கிடக்காங்க. அவங்களையும் இதே மாதிரி கூட்டிட்டு வாக்கா!"