கொண்டை ஊசி வளைவை மறித்த கழுதை

கரும்பாறை மலைக்கு மேற்கே பசுமையான காடு. கிழக்கே வறண்ட காடு. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில்தான் சாம்பி என்ற கழுதை நாள்தோறும் சுமை தூக்கி நடந்தது.

அந்த ஆண்டு கிழக்கே மழை பொய்த்துவிட்டது. மான்களும் முயல்களும் மேற்கிலிருந்து வரும் புல்லையும் கிழங்கையும் நம்பியே உயிரோடு இருந்தன. நாற்பது கழுதைகள் ஓயாமல் சுமந்தன. ஆனாலும் போதவில்லை.

“இதைச் சரிசெய்!” என்று புலியரசர் கோணையன் என்ற கழுதைப்புலியை அதிகாரியாக அனுப்பினார்.

கோணையன் பாறைமேல் ஏறி நின்று பல்லைக் காட்டியது. “கழுதைகளே! கழுதைப்புலி என்ற என் இனப் பெயரிலேயே பாதி நீங்கள்தான். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதா? இன்று முதல் ஆளுக்கு ஒரு மூட்டை கூடுதலாகத் தூக்குங்கள்!”

கூடுதல் மூட்டையோடு கழுதைகள் மூச்சு வாங்கின. ஒன்று நின்றால் பின்னால் வந்த அத்தனையும் நின்றன. மலையின் பாதியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் கிடுகிடு பள்ளம். போகிற கழுதையும் வருகிற கழுதையும் அங்கே முட்டிக்கொண்டு நின்றன.

“சுமை இன்னும் குறைவாகத்தானே வந்து சேருகிறது!” என்றது கோணையன். “சரி, இன்னும் நாற்பது கழுதைகளைக் கொண்டுவாருங்கள்!”

நாற்பது எண்பதானது. நெரிசல் இரண்டு மடங்கானது. முன்பெல்லாம் சாம்பி பொழுது சாய்வதற்குள் இரண்டு நடை போய்வரும். இப்போது விடியற்காலையில் கிளம்பினால் உச்சி வெயிலிலும் வளைவைத் தாண்ட முடியவில்லை. முதுகில் மூட்டை அழுத்த, முன்னால் நிற்கும் கழுதையின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்படி ஒருநாள் நிற்கும்போதுதான் அது நடந்தது. முன்னால் நின்ற காத்தன் என்ற முதிய கழுதையின் குளம்பு வழுக்கியது. மூட்டையோடு சரிந்து, கீழே துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறைத் திட்டில் போய் விழுந்தது.

“சாம்பி! கால் போச்சு, சாம்பி!”

கோணையன் ஓடிவந்து எட்டிப் பார்த்தது. “விழுந்தவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நடங்கள்! நடங்கள்!”

சாம்பி நடக்கவில்லை. கோணையனையே உற்றுப் பார்த்தது. பஞ்சத்தில் காடு முழுக்க எல்லோருக்கும் விலா எலும்பு தெரிந்தது. இதன் வயிறு மட்டும் உப்பியிருந்தது. இந்த ஒரு மாதத்தில் இதே வளைவில் ஏழு கழுதைகள் விழுந்தன. ஏழையும் இது “பார்த்துக்கொண்டது”. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

சாம்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூட்டையை உதறித் தள்ளிவிட்டுப் பாதையின் குறுக்கே திரும்பி நின்றது.

“நகரு!” என்றது கோணையன்.

“நகர மாட்டேன்! காத்தன் அண்ணன் மேலே வராமல் ஒரு மூட்டையும் இந்த வளைவைத் தாண்டாது!”

“கிழக்கே மான்குட்டிகள் பட்டினியில் சாகின்றன. அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்!”

அந்தச் சொல் சாம்பியைச் சுருக்கென்று தைத்தது. பின்னால் நின்ற கழுதைகளும் கத்தின. “ஏ சாம்பி, எங்களையும் சேர்த்து மாட்டிவிடாதே!”

“நாம் நடந்துகொண்டுதானே இருந்தோம்? குட்டிகள் பிழைத்தனவா?” என்று சாம்பி திருப்பிக் கேட்டது.

கோணையன் பாய்ந்து அதன் பின்னங்காலைக் கடித்தது. இரத்தம் வழிந்தது. சாம்பி அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தியது. பின்னால் நின்ற கழுதை கத்தியது. அதற்குப் பின்னால் நின்றதும் கத்தியது. வரிசையில் நின்ற அத்தனை கழுதைகளின் கத்தலில் மலையே அதிர்ந்தது.

சத்தம் கேட்டுப் புலியரசரே வந்துவிட்டார். “என் ஆணையை மறித்து நிற்பது யார்?”

சாம்பி தலையை நிமிர்த்தியது. இடத்தை விட்டு நகரவில்லை. “நான்தான், அரசே! குறை எங்கள் முதுகில் இல்லை. பாதையில் இருக்கிறது. இதில் எண்ணூறு கழுதைகளை விட்டாலும் எண்ணூறும் நிற்கும்!”

“பாதையை வெட்டி அகலமாக்கலாமா?”

“இது கரும்பாறை, அரசே. வெட்டி முடிப்பதற்குள் கிழக்கே ஒரு குட்டியும் மிஞ்சாது. ஆனால் மலையைச் சுற்றி ஒரு யானைத்தடம் இருக்கிறது. மண் சரிந்து மூடிக்கிடக்கிறது. அதைத் திறக்கலாம்.”

கோணையன் குறுக்கிட்டது. “சுற்றுவழி! அதோடு, யானை என்ன முயல் வளைக்குள் நுழைந்து கிழங்கு கொடுக்குமா?”

“கொடுக்காது! அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். யானைகள் மொத்தமாகச் சுமந்து வந்து கிழக்கு அடிவாரத்தில் இறக்கட்டும். அங்கிருந்து வளை வளையாக, புதர் புதராக நாங்கள் கொண்டுபோகிறோம்.”

புலியரசர் கோணையன் பக்கம் திரும்பினார். “இந்தத் தடத்தைப் பற்றி நீ ஏன் வாயே திறக்கவில்லை?”

“அது... அது பழைய தடம், அரசே...”

“அரசே, பள்ளத்தை எட்டிப் பாருங்கள்!” என்றது சாம்பி.

புலியரசர் எட்டிப் பார்த்தார். கீழே சதையைத் தின்று போட்ட கழுதை எலும்புகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அவர் உறுமித் தலையைத் தூக்குவதற்குள் கோணையன் மலையிறங்கி ஓடியேவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை.

கழுதைகள் காட்டுக்கொடியைக் கீழே விட்டு, காத்தன் அதை உடம்பில் சுற்றிக்கொண்டதும் பல்லால் கடித்து இழுத்து மேலே கொண்டுவந்தன. புலியரசர் சொல்லி அனுப்ப, மறுநாளே பெருமாயி என்ற யானை தன் கூட்டத்தோடு வந்தது. யானைகள் பாறைகளை உருட்டித் தள்ளின. கழுதைகள் மண்ணைச் சுமந்து அகற்றின. ஒன்பதாம் நாள் தடம் திறந்தது. ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி யானைகள் வரிசையாக நடந்து வந்து, அடிவாரத்தில் புல்லை மலைபோலக் குவித்தன.

“இவ்வளவையும் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க உங்களால் முடியுமா?” என்று பெருமாயி சந்தேகமாகக் கேட்டது.

“ஆளுக்கு ஒரே மூட்டைதான், அக்கா. அதற்கு மேல் யார் சொன்னாலும் தூக்க மாட்டோம். ஆனால் பொழுது சாய்வதற்குள் ஒரு வளையும் விடுபடாது!” என்றது சாம்பி.

சொன்னபடியே செய்தது. பழைய மலைப்பாதையும் வீணாகவில்லை. கழுதைகள் காலையில் கிழக்கே போக, மாலையில் மேற்கே திரும்பி வர என்று முறை வைத்ததும் அந்த வளைவில் எந்தக் கழுதையும் விழவில்லை. காத்தன் நொண்டியபடியே அடிவாரத்தில் நின்று எந்த மூட்டை எந்தப் புதருக்கு என்று கூவியது. முதல் மூட்டையைச் சாம்பி ஒரு மான் கூட்டத்தின் முன் இறக்கியபோது, எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத ஒரு குட்டி தலையை நீட்டிப் புல்லைக் கவ்வியது.

நீதி: வழி போதாத இடத்தில் சுமப்பவரை வதைப்பதால் பயனில்லை, வழியைப் பெருக்கு என்று எதிர்த்து நின்று கேட்பதே எல்லோரையும் காக்கும்.