கோப்பை யாருக்கு?

கபடிக் கழகத் தலைவர் தில்லைநாயகம், மகன் ஜெயித்து வந்த கோப்பையைக் கிளப் மேசை நடுவில் வைத்தார். 'பதினேழு வயதுக்குட்பட்டோர்' என்று அதில் பொறித்திருந்தது.

"சிங்கராயா, இதுலயே புள்ளைக்கு பீர ஊத்துடா!"

"இருபத்தொண்ணு ஆகாதவங்களுக்கு ஊத்தக் கூடாதுங்கய்யா."

"ஊத்துறியா, வேலைய விட்டுப் போறியா?"

மேனேஜர் குழந்தைசாமிக்கு வியர்த்தது. பதினெட்டு வருஷ சர்வர் இன்றோடு வீட்டுக்குத்தான் என்று நினைத்தார். சிங்கராயரோ பணிவாகக் குனிந்தார்.

"தம்பி மீசையைப் பாத்தா ஆயிருக்கும் போலத்தான் இருக்கு. ஐயா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"போன மாசமே இருபத்தொண்ணு முடிஞ்சுதுய்யா!"

தலைவர் போட்ட சத்தத்தில், பக்கத்து மேசையில் இருந்த தோற்ற அணியின் பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார்.

சிங்கராயர் கண்ணாடி டம்ளரில் நுரை ததும்ப ஊற்றிப் பையன் முன்னால் வைத்தார். "அப்ப சட்டப்படி இது தம்பிக்கு." பிறகு கோப்பையைத் துடைத்து, எழுத்து எல்லாருக்கும் தெரியும்படி திருப்பினார். "இது யாருக்குங்கய்யா?"

பயிற்சியாளர் எழுந்து வந்து கோப்பையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை.

குழந்தைசாமி பிரமித்துப்போய் நின்றார். குரல் உயரவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. அத்தனை பெரிய மனிதரை உட்கார்ந்த இடத்திலேயே அவுட்டாக்கிவிட்டாரே!